பதினொரு கிலோவில் தொடங்கிய கதை



பரீட்சை முடிந்துவிட்டது. அப்பா சீட்டு எடுத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்து, "காலேஜுக்கும் ஆகணும், உன் விளையாட்டுக்கும் ஆகணும். பாத்து வாங்கு. இன்னொண்ணு கேட்டா கிடையாது" என்று சொல்லிவிட்டார். தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறவன் நான், அதனால் எடை குறைவாக இருக்க வேண்டும். ராத்திரி கேம் ஆட வேண்டும், அதனால் வலுவாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் கிடைக்குமா என்று தேடப் போய் நாற்பது வருட வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு ஆச்சரியம். நன்றாக விற்ற முதல் 'தூக்கிச் செல்லும் கணினி'யைக் கொண்டு வந்தவர் நம் திருவண்ணாமலையில் வளர்ந்தவர்! பெயர் ஆடம் ஆஸ்போர்ன். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் பக்தர், அவரைப் பற்றி நூல் எழுதியவர். ஆடம் 1939-ல் பாங்காக்கில் பிறந்து, சிறுவயதைத் திருவண்ணாமலையில் கழித்து, இங்கிலாந்தில் படித்து, அமெரிக்காவில் தொழில் தொடங்கினார். கடைசிக் காலத்தில் தமிழ்நாட்டுக்கே திரும்பி, 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.

1981 ஏப்ரலில் அவர் 'ஆஸ்போர்ன் 1' கணினியை அறிமுகப்படுத்தினார். எடை 11 கிலோ! பார்க்க தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும். 5 அங்குலத் திரை, 64 கேபி நினைவகம், விலை 1,795 டாலர். விமானத்தில் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே பேட்டரி கிடையாது. சுவரில் பிளக் இருந்தால்தான் உயிர் வரும். இந்தப் பிளக்கை மறந்துவிடாதீர்கள், கடைசியில் மறுபடி வரும்.

காமர்ஸ் மாணவர்களுக்கு ஆஸ்போர்ன் இன்னொரு விதத்திலும் தெரிந்திருக்க வேண்டியவர். 1983-ல், அடுத்த மாடல் தயாராகும் முன்பே அதைப் பற்றிப் பேசிவிட்டார். 'புதுசு வரப்போகுதே, பழசை எதுக்கு வாங்கணும்' என்று வியாபாரிகள் ஆர்டரை நிறுத்தினார்கள். சரக்கு தேங்கியது, கையில் காசு இல்லை. அந்த வருடம் செப்டம்பரிலேயே நிறுவனம் திவால். இதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது மட்டும்தான் காரணமா என்று இன்றும் வாதம் உண்டு. ஏனென்றால் அதே நேரத்தில் காம்பேக் என்ற போட்டியாளர் வந்துவிட்டார்.

காம்பேக் போர்ட்டபிள் ஆஸ்போர்னை விட கனம், விலையும் அதிகம். ஆனால் ஐபிஎம் பிசிக்கான மென்பொருள்கள் அதில் ஓடின. அந்த நாட்களில் ஒரு கணினி உண்மையிலேயே ஐபிஎம்முக்கு ஒத்ததா என்று பார்க்க இரண்டு பரீட்சை வைப்பார்களாம். ஒன்று லோட்டஸ் 1-2-3, கணக்குப் போட. இன்னொன்று மைக்ரோசாப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர், விளையாட! 'படிப்புக்கும் ஆகணும், விளையாட்டுக்கும் ஆகணும்' என்பது அப்பா கண்டுபிடித்த நிபந்தனை இல்லை போலிருக்கிறது :)

பிறகு கணினி மடிந்தது, பேட்டரி வந்தது, எடை குறைந்தது. ஆனால் கேம் ஆடுகிறவர்களுக்கு மட்டும் எடை குறையவில்லை. டெல் 2007-ல் விற்ற எக்ஸ்பிஎஸ் எம்1730 கிட்டத்தட்ட 5 கிலோ. காரணம் சூடு. சிப்புக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 100 வாட் குண்டு பல்பை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மூடுவதாக நினைத்துப் பாருங்கள். அதைக் குளிர்விக்கச் செம்புக் குழாய் வேண்டும், விசிறி வேண்டும், இடம் வேண்டும். இடம் என்றால் எடை.

இந்தச் சிக்கலை ஒவ்வொருவரும் எதையாவது வெட்டித்தான் சமாளித்தார்கள். 2010-ல் ஏலியன்வேர் எம்11எக்ஸ் வந்தது. 11.6 அங்குலத் திரை, 2 கிலோ. நல்ல கிராபிக்ஸ் சிப் இருந்தது, ஆனால் பிராசசர் மெதுவானது. 2013-ல் ரேசர் பிளேடு 14 அங்குல மாடல் வந்தது. தடிமன் 17 மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் 1,799 டாலர் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த திரை சுமார் ரகம் என்று விமர்சகர்கள் திட்டினார்கள்.

2017-ல் என்விடியா 'மேக்ஸ்-க்யூ' என்று ஒன்றைக் கொண்டு வந்தது. பொருளாதார வகுப்பில் படித்த 'குறைந்து செல் விளைவு விதி'தான் இது! சிப்பின் வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் மின்செலவு நான்கு மடங்கு. ஆக, கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் மிக அதிக மின்சாரம் போகிறது. அந்தக் கடைசித் துண்டை விட்டுக்கொடுத்தால் சூடு கணிசமாகக் குறையும், வேகம் கொஞ்சம்தான் குறையும். 150 வாட் ஜிடிஎக்ஸ் 1080 சிப்பை 90 முதல் 110 வாட்டில் ஓட்டினார்கள். மெல்லிய கேமிங் லேப்டாப்புக்கு வழி திறந்தது.

2020-ல் ஏசஸ் செஃபிரஸ் ஜி14. எட்டு கோர் ரைசன் பிராசசர், 14 அங்குலம், 1.6 கிலோ. எல்லோரும் கொண்டாடினார்கள். இதில் வெட்டப்பட்டது என்ன தெரியுமா? கேமரா! உலகமே ஆன்லைன் வகுப்புக்குப் போன அதே வருடத்தில்!

2021-ல் நடந்ததுதான் நம் பாக்கெட்டுக்கு ஆபத்து. 'மேக்ஸ்-க்யூ' என்ற அடையாளம் சிப்பின் பெயரிலிருந்து காணாமல் போனது. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் 60 வாட் லேப்டாப்பும் இருந்தது, 115 வாட் லேப்டாப்பும் இருந்தது. ஸ்டிக்கர் ஒன்று, வேகம் வேறு. சத்தம் கிளம்பிய பிறகுதான் வாட் கணக்கை வெளியிடும்படி தயாரிப்பாளர்களிடம் என்விடியா சொன்னது.

இந்த வரலாற்றில் நான் கற்றது ஒன்றுதான். இருப்பதை விளம்பரம் சொல்லும். 'எதை வெட்டினீர்கள்?' என்று நாம்தான் கேட்க வேண்டும். சிப்பின் பெயரோடு வாட், திரையின் தரம், அடாப்டரின் எடை, மூன்றையும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். எங்கள் வகுப்பில் ஒருவன் இரண்டரை கிலோ லேப்டாப் வாங்கினான். செங்கல் மாதிரி அடாப்டர் தனி. இரண்டு வாரம் சுமந்தான், இப்போது அது ஹாஸ்டல் அறையை விட்டு நகர்வதில்லை.

கடைசியாக அந்தப் பிளக். விமானத்தில் சாதாரணமாக 100 வாட்-மணி வரைதான் பேட்டரிக்கு அனுமதி என்பதால், பெரிய கேமிங் லேப்டாப்பிலும் பேட்டரி 99-ஓடு நின்றுவிடுகிறது. முழு வேகத்தில் ஆடினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, பேட்டரியில் வேகமும் குறையும். கேம் ஆட வேண்டுமென்றால் ஆஸ்போர்ன் தேடிய அதே சுவர்ப் பிளக்கைத்தான் நாமும் தேட வேண்டும்.

அது புரிந்ததும் என் குழப்பம் தீர்ந்தது. கேம் எப்படியும் வீட்டில்தான். எனவே பெரிய அடாப்டர் வீட்டு மேசையிலேயே கிடக்கட்டும். யூஎஸ்பி-சி சார்ஜரில் ஏறக்கூடிய, 1.7 கிலோவுக்குள் இருக்கும் 14 அங்குல லேப்டாப்பாகப் பார்க்கப் போகிறேன். புதிதாகத்தான் வேண்டும் என்றில்லை, போன வருட மாடலானாலும் சரி. 'புதுசு வரப்போகுதே' என்று காத்திருந்தால் எனக்கும் ஆஸ்போர்ன் விளைவுதான்!

வாங்கியதும் எதை வெட்டியிருக்கிறார்கள் என்று எழுதுகிறேன்.