மஜ்ஜை மாற்று வைத்தியம் வந்த வழி

மட்டாஞ்சேரிக்குத் தெற்கேயுள்ள பள்ளுருத்தி போன்ற ஊர்களில், இரத்தப் புற்றுநோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், எறணாகுளத்தில் இரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் ஆஸ்பத்திரியை நாடுவது ஒரு காலத்தில் மலையாளக் கரைக்குப் பழகிப்போன யாத்திரை. அவ்வியாதிக்கு மஜ்ஜை மாற்றிப் பார்த்த அமெரிக்க வைத்தியர் டோனல் தாமஸ் 1957இல் வெளியிட்ட அறிக்கையிலுள்ள ஆறு நோயாளிகளுள் ஒருவரும் நூறு நாளுக்குமேல் ஜீவித்திருக்கவில்லை. ஆயினும் பிரயத்தனத்தைக் கைவிடாத அவருக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

போலியோவால் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இயங்கிய சுரேஷ் அத்வானி, 1983 மார்ச்சில் பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையில், ஒன்பது வயதுச் சிறுமிக்குச் சகோதரனின் மஜ்ஜையைச் செலுத்திப் பிழைப்பித்ததே இத்தேசத்தின் முதல் வெற்றி. இடுப்பெலும்பில் தடித்த ஊசியைப் பலமுறை இறக்கி உறிஞ்சிய மஜ்ஜை, சாதாரணமாக இரத்தம் ஏற்றுவதுபோலவே நாளத்தில் சொட்டுச்சொட்டாய் இறங்க, அதிலுள்ள மூல அணுக்கள் வழிகாட்டுவாரின்றித் தாமே எலும்புக்குள் குடிபுகுகின்றன. வைத்திய சாஸ்திரத்தில் இதனினும் பெரிய ஆச்சரியம் எனக்குத் தெரியாது.

1986இல் வைத்தியர் மாம்மன் சாண்டி வேலூரிலும் இவ்வைத்தியத்தைத் தொடங்கினார். இன்று கொச்சி இடப்பள்ளி அமிர்தா மருத்துவமனையிலேயே நடக்கிறது. உடன்பிறந்தார் ஒருவரின் மஜ்ஜை முற்றும் பொருந்த நான்கில் ஒரு பங்கே வாய்ப்பு உண்டாகையால், சென்னையில் 2009இல் தோன்றிய, மூல அணுக் கொடையாளருக்கான தாத்ரி பதிவகத்தில் வாசகர்கள் தம் பெயரைப் பதிந்துகொள்வார்களாக.