பாலூட்டு: ஒரு சொல்லும் மறுக்கப்பட்ட நேரமும்

பேருந்து நிலையங்களில் 'தாய்மார்கள் பாலூட்டும் அறை' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் நம் தெருவில் எந்தப் பாட்டியும் 'பாலூட்டினேன்' என்று சொல்லி நாம் கேட்டதில்லை. 'பால் குடுத்தேன்' என்பார்கள், 'மொல குடுத்தேன்' என்பார்கள். குழந்தையிடம் பேசும்போது அது 'பாச்சி'. ஒரே செயலுக்கு இத்தனை சொற்கள். இதில் எது கௌரவமானது, எது கொச்சை என்று முடிவு செய்தவர்கள் யார்?

'முலை' கொச்சைச் சொல் அல்ல. புறநானூற்றில் ஒரு மூதாட்டி, தன் மகன் போரில் புறமுதுகு காட்டியிருந்தால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் சொல்கிறாள். வகுப்பறையில் அதை வீரம் என்று படிக்கிறோம். அதே சொல்லை நம் பாட்டி சொன்னால் சிரிக்கிறார்கள். சொல் மாறவில்லை, சொல்கிறவர் யார் என்பதுதான் மாறியிருக்கிறது.

'ஊட்டு' என்பது 'உண்' என்ற வினையிலிருந்து வந்த பிறவினை. உண்ணச் செய்வது ஊட்டுவது. யாருடைய குழந்தையை, யார் உண்ணச் செய்தார்கள்? இதற்கும் தமிழில் தனிச் சொற்கள் உண்டு. பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி. தாயருள் 'முலைத்தாய்' என்றே ஒருத்தியைப் பழைய நூல்கள் குறிக்கின்றன. தான் பெறாத பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் அவள். இன்று மருத்துவமனையில் வேலை செய்வோரைச் 'செவிலியர்' என்கிறோமே, அந்தச் சொல்லின் வேர் இங்கே இருக்கிறது.

தலைவியின் தோழி யார் என்று தொல்காப்பியம் சொல்கிறது: அவள் செவிலியின் மகள். சமூகவியல் படிக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரிய வீட்டுப் பிள்ளையை வளர்த்தவளுக்கும் ஒரு பிள்ளை இருந்தது. தலைவியின் காதலையும் கண்ணீரையும் நூற்றுக்கணக்கான பாடல்கள் பேசுகின்றன. தோழியோ தலைவிக்காகத்தான் பேசுகிறாள். அவளுடைய பசிக்கு யார் ஊட்டினார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இலக்கியத்தை விட்டு வயலுக்கு வருவோம். கீழத்தஞ்சையில் பண்ணையாட்களாக இருந்த தலித் மக்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனைகளில் இரண்டு, சவுக்கடியும் சாணிப்பாலும். சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதற்கு 'சாணிப்பால்' என்று பெயர். நடவு நேரத்தில் வரப்போர மரத்தில் தூளி கட்டியிருக்கும், உள்ளே பச்சைப்பிள்ளை அழும், மார்பில் பால் கட்டிச் சேலை நனையும், ஆனாலும் தாயைக் கரையேற விடமாட்டார்கள் என்று அந்தப் பகுதிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிள்ளைக்குத் தாய்ப்பாலை மறுத்த அதே பண்ணைதான் பெற்றவர்களுக்குச் சாணிப்பாலைப் புகட்டியது. தமிழில் 'பால்' என்ற சொல் இவ்வளவு கேவலப்பட்டது வேறெங்கும் இருக்காது. பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் அந்த மக்களோடு சேர்ந்து சங்கம் கட்டினார்கள். 1944-ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் இந்தத் தண்டனைகளுக்கு முடிவு கட்டியது.

அதற்கு முன்பே, 1928-ல், பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து பாபாசாகேப் அம்பேத்கர் பேசினார். பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்பது அவர் வாதம். தாய்மையைப் புகழ அவர் அங்கே நிற்கவில்லை. உழைக்கும் பெண்ணுக்கு ஊதியத்தோடு ஓய்வு கேட்டார். அடுத்த ஆண்டு அது சட்டமானது.

நாடு முழுமைக்குமான பேறுகாலப் பயன் சட்டம் 1961-ல் வந்தது. வேலைக்குத் திரும்பும் தாய்க்கு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகளை அது தந்தது. நல்ல சட்டம். ஆனால் ஆலை, சுரங்கம், தோட்டம், கடை என்று நீண்ட அதன் பட்டியலில் அடுத்தவர் வயலில் நாற்று நடுகிற பெண் இருக்கவில்லை. அரசின் மகப்பேறு நிதியுதவி அவருக்குப் பணம் தரும், களையெடுப்பின் நடுவில் கால் மணி நேரம் தராது.

அந்தக் கால் மணி நேரத்தை இன்றும் யாரோ ஈடு கட்டுகிறார்கள். களப்பணியில் நாம் அடிக்கடி பார்க்கும் காட்சி இது: எட்டு, ஒன்பது வயதுப் பெண் பிள்ளை, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து வருவாள். அம்மா சேற்றுக் கையைக் கழுவிவிட்டுப் பால் கொடுப்பார். முடிந்ததும் அவள் திரும்பத் தூக்கிக்கொண்டு போவாள். பள்ளி வருகைப் பதிவேட்டில் அன்று அவள் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று இருக்கும். செவிலியின் மகள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள்.

தாய்ப்பால் வாரத்தில், 'முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள்' என்று நம் தெருவுக்கு வந்து சொல்கிறார்கள். மருத்துவ ரீதியாக அது சரி. ஆனால் அறிவுரை தாய்க்கு மட்டுமே சொல்லப்படுகிறது. அவரை வேலைக்கு வைத்திருப்பவரிடம் யாரும் சொல்வதில்லை. பால் கொடுக்கத் தெரியாமல் நம் பெண்கள் நிற்கவில்லை. நேரம் இல்லாமல்தான் நின்றார்கள்.

மாணவத் தோழர்களே, இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பாட்டியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பிள்ளைக்குப் பால் கொடுப்பதை என்ன சொல்லால் சொல்வீர்கள்? வேலைக்கு நடுவில் கரையேற விட்டார்களா? இரண்டுக்கும் அவர்கள் சொல்லும் பதிலை, கொச்சை என்று திருத்தாமல், அவர்கள் வாய்மொழியிலேயே எழுதி வையுங்கள்.