நான்கு விரல் இடைவெளி

தாத்தா விட்டுப்போன ஆஸ்திகளில் வியாஜ்யம் இல்லாமல் என் பங்குக்கு வந்து சேர்ந்தது ஒன்றுதான். நிலத்துக்கு ஆள் இருந்தது. வீட்டுக்கு ஆள் இருந்தது. மடுகரை வீட்டுக் கொல்லையில், கீற்றுக் கொட்டகைக்குள், நான்கு சக்கரமும் மண்ணில் புதைய நின்ற செவர்லே பிக்-அப் வண்டிக்கு மட்டும் யாரும் போட்டிக்கு வரவில்லை. அதை ஓட வைக்க வேண்டும் என்று நான் கிளம்பியபோது எனக்கு இருந்த உத்தேசம் வெகு சாதாரணமானது. துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி, புதிதாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிவிடுவது. அவ்வளவுதான். ஆனால் பிரிக்கப் பிரிக்கத்தான் தெரிந்தது, நான் பிரிப்பது வண்டியை மட்டும் அல்ல என்று.

வண்டி 1938-ஆம் வருஷத்தது. அந்தக் காலத்தில் செவர்லே வண்டிகள் முழு உருவத்தில் கப்பலை விட்டு இறங்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-இல் பம்பாயில் ஒரு தொழிற்சாலை திறந்தது. கடல் கடந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை அங்கே சேர்த்து முடுக்கினார்கள். சரக்கு வண்டிகளில் பலவற்றுக்கு இஞ்சினும் சேசிஸும் முன்மூக்கும்தான் கம்பெனிச் சரக்கு. பாடி கட்டுவது உள்ளூர்த் தச்சர் வேலை. எங்கள் வண்டியின் பின்தொட்டி தேக்கு மரம்; அதன் கீல்கள் கொல்லர் உலையில் அடித்தவை. ஆகவே, 'கம்பெனியிலிருந்து வந்தபடி' என்ற ஒரு நிலை இந்த வண்டிக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

தொட்டியைத் தூக்கியதும் சேசிஸின் பின்பக்கத்தில் நான்கு பெரிய துளைகள் தெரிந்தன. அவை யுத்தத்தின் தழும்புகள். பிரெஞ்சிந்தியக் கவர்னர் லூயி பொன்வேன் 1940 செப்டம்பரில் தெ கோல் பக்கம் சேர்ந்தார். அதற்குப் பின் புதுச்சேரியின் வாழ்வு முழுவதும் சுற்றியிருந்த பிரிட்டிஷ் இந்தியாவை நம்பியே இருந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. ரேஷனில் கிடைத்த பெட்ரோல் வண்டிகளின் தொண்டையை நனைக்கக்கூடப் போதவில்லை. அப்போது வந்ததுதான் கரி காஸ். இரும்பு உருளை ஒன்றில் அடுப்புக் கரியைக் குறைந்த காற்றில் புகைய விட்டு, வருகிற வாயுவைக் குளிர வைத்து, வடிகட்டி, இஞ்சினுக்குக் கொடுப்பது. மதுரை டி.வி.எஸ். கம்பெனி இந்தச் சாதனத்தைச் செய்து விற்றது. வண்டியின் பலம் குறையும். மேட்டில் மூச்சு வாங்கும். ஓட்டுகிறவர் வீடு திரும்பும்போது கரியாகத் திரும்புவார். ஆனாலும் வண்டி ஓடிற்று. அந்த உருளையைத் தாங்கிய துளைகள்தாம் இவை.

அடுத்து அகப்பட்டது தொட்டியின் அடித்தளம். மேலே ஒரு வரிசைப் பலகை. கீழே இன்னொரு வரிசை. நடுவே நான்கு விரல் இடைவெளி.

இந்த இடைவெளி ஏன் என்று புரிய வேண்டுமானால் பழைய புதுச்சேரியின் படத்தைப் பார்க்க வேண்டும். அது ஒரே துண்டு நிலம் அல்ல. தென்னாற்காட்டு ஜில்லாவுக்குள் சிதறிக் கிடந்த பல துண்டுகள். நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த மடுகரையும் அப்படி ஓர் ஓரத்து ஊர். 1941-இல் ஏற்பட்ட சுங்க உடன்படிக்கை இருந்தவரை எல்லை பெரிய தொல்லையாக இல்லை. 1949 ஏப்ரலில் அது முடிந்தது. ஒரே நாளில் பக்கத்துச் சந்தை பரதேசம் ஆயிற்று. சாலைக்குச் சாலை சுங்கச் சாவடி முளைத்தது. புதுச்சேரித் துறைமுகத்தில் இறங்கிய கைக்கடிகாரமும் பட்டும் இரவில் எல்லை தாண்டின.

"கடத்தல்காரன் வீடுன்னு பேர் வரணுமா? அந்தப் பலகையைப் பிடுங்கிப் போட்டுடு, தம்பி" என்றார் சித்தப்பா.

அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "அவனுக்கு அப்போ பத்து வயசு, என்ன தெரியும்? அதுக்குள்ளே போனது கொடியும் நோட்டீஸும்டா" என்றாள்.

அத்தை சொல்வதற்கும் சரித்திரத்தில் இடம் இருக்கிறது. 1954 மார்ச் 31-ஆம் தேதி எத்துவார் குபேர் முதலியோர் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றினார்கள். அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். எதிர்த்தவர் 8 பேர். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறிற்று. சட்டப்படியான மாற்றத்துக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் பலகைகளுக்கு நடுவே போனது கடிகாரமா, கொடியா? இரண்டு பேர் சொல்வதையும் நான் நம்புகிறேன். எல்லையில் பிழைத்த குடும்பத்துக்கு ஒரே இடைவெளி இரண்டுக்கும் உதவியிருக்கும்.

எல்லை போன அதே 1954-இல் இன்னொன்றும் போயிற்று. பாகங்களை இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ள கம்பெனிகளுக்குத்தான் இடம் என்று இந்திய சர்க்கார் முடிவு செய்ததால், வெறுமே பூட்டித் தந்துகொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கடையைக் கட்டியது. உதிரி பாகம் குதிரைக் கொம்பாயிற்று. லேத் பட்டறைகள்தாம் வண்டிகளைக் காப்பாற்றின. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி 1950-களில் பெர்கின்ஸ் டீசல் இஞ்சின் செய்யத் தொடங்கியபின், பெட்ரோல் குடித்துக் கொண்டிருந்த எத்தனையோ பழைய வண்டிகள் டீசலுக்கு மாறின. எங்கள் வண்டியும் 1963-இல் மாறிற்று.

இத்தனையும் வெளியே எடுத்து வைத்த பிறகு, வில்லியனூரிலிருந்து வந்திருந்த மேஸ்திரி கேட்டார்: "ஐயா, இதை எந்த வருஷத்து வண்டியா ஆக்கணும்?"

1938 என்று சொன்னால் துளைகளை அடைக்க வேண்டும். டீசல் இஞ்சினைக் கழற்றி எறிய வேண்டும். அடிப்பலகையைப் பிடுங்க வேண்டும். சித்தப்பாவுக்குத் திருப்தி. சட்டமும் அந்தப் பக்கம்தான். ஐம்பது வருஷம் கடந்த வண்டிகளுக்காக மத்திய சர்க்கார் 2021-இல் ஒரு விதி செய்தது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷத்துக்குச் செல்லும், 'வி.ஏ.' என்ற எழுத்துடன் தனி நம்பர். ஆனால் சொந்த உபயோகத்து வண்டியாக இருக்க வேண்டும். சேசிஸோ, பாடியோ, இஞ்சினோ மாற்றப்பட்டிருக்கக் கூடாது. உழைத்த வண்டிக்கு அங்கே மரியாதை இல்லை என்று அர்த்தம்.

உலகத்தில் வேறு அபிப்பிராயமும் உண்டு. பழைய வண்டிகளுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012-இல் மியூனிக்கில் கூடி 'டூரின் சாசனம்' என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களைப் பேணுவதற்காக 1964-இல் எழுந்த வெனிஸ் சாசனத்தின் வழிவந்தது அது. வண்டி உழைத்த காலத்தில் அதற்குச் செய்யப்பட்ட மாறுதல்கள் அதன் வரலாற்றுக்குச் சாட்சிகள், அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்கிறது. நமக்கு இது புது விஷயமா என்ன? பாகூர் மூலநாதர் கோயில் சுவரில் பல அரசர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கட்டினவனுடையது மட்டும் போதும் என்று மற்றவற்றைச் செதுக்கி எறிய யாருக்காவது மனசு வருமா?

கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகத்தில் பளபளக்கும் வண்டிகளைப் பார்த்து நானும் மகிழ்ந்திருக்கிறேன். அவை வண்டி செய்தவனின் திறமையைக் காட்டுகின்றன. எங்கள் வண்டியில் காட்டத் தக்கது, அதை வைத்துப் பிழைத்தவரின் திறமைதான். ஆகவே துளைகள் இருக்கின்றன; டீசல் இஞ்சின் இருக்கிறது; இரண்டு வரிசைப் பலகையும் இருக்கின்றன. அதற்கு விலையும் கொடுத்தாயிற்று. தனி நம்பர் கிடையாது. சாலையில் ஓட்ட முடியாது. களத்திலிருந்து வீட்டு வாசல்வரை சொந்த மண்ணில் ஓடும், அவ்வளவே. சித்தப்பா இன்னும் அதில் ஏறவில்லை.

உளுத்துப்போன ஏழு பலகைகளை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. டூரின் சாசனம் புதிதாகப் போட்ட பாகத்துக்கு அடையாளம் இட வேண்டும் என்கிறது. தச்சர் அந்த ஏழின் அடிப்பக்கத்திலும் 2023 என்று உளியால் செதுக்கியிருக்கிறார். நாளைக்குப் பிரித்துப் பார்க்கிறவர்கள் எங்கள் மரத்தைத் தாத்தாவின் மரம் என்று எண்ணிவிடக் கூடாது.