கமுகஞ் சிலாகையில் ஒரு வில்: புதிதாகச் செய்யத் தொடங்குவோருக்கு

1948 ஜூலை 29. லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனை வளவில் போரில் காயமடைந்த 16 பேர் அமர்ந்தபடியே வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். ஒழுங்கு செய்தவர் மருத்துவர் லுட்விக் குட்மன். நாஜி ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த யூத அகதி அவர். பராலிம்பிக் விளையாட்டுகளின் தொடக்கம் அதுவே.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு வில் பொருத்தமானது என்பதற்குக் காரணம் உண்டு. தோளும் கையும் முதுகின் மேற்பகுதியும் ஒன்றாக வேலை செய்கின்றன. சக்கர நாற்காலியை உருட்டவும் கட்டிலுக்கு மாறவும் வேண்டிய பலம் அங்கேதான் இருக்கிறது. கடையில் விற்கும் வில்லின் விலை எங்கள் வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. தச்சுவேலை தெரிந்தவன் என்பதால் எங்கள் அயலிலுள்ள இருவருக்காக நான் மரத்தில் செய்து கொடுத்தேன். அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

மரம்

பட்டத்துக்கு விண் கட்டியவர்களுக்குக் கமுகின் குணம் தெரியும். வெளிப்புறம் வைரம், உட்புறம் சோறு. முற்றிய கமுகைப் பிளந்து, நிழலில் சில மாதம் காயவிட்ட சிலாகையே நல்லது. நார் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நேராக ஓட வேண்டும்.

எங்கள் பகுதி மரங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எறிகணைச் சிதறல் உள்ளே இருக்கலாம். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைச் சிலாகை முழுவதும் தடவுங்கள். கறுத்த வடு, மூடிய துளை தெரிந்தால் காந்தம் ஒட்டாவிட்டாலும் அந்தத் துண்டை விடுங்கள். அந்த இடத்தில்தான் வில் முறியும். மரம் தேடிப் பற்றைக்குள் போக வேண்டாம். வெட்டிய மரத்தை வாங்குங்கள்.

அளவு

நீளம் 5 அடி 4 அங்குலம். நடுவில் அகலம் 1½ அங்குலம், நுனிகளில் ½ அங்குலம். தடிப்பு நடுவில் ¾ அங்குலம், நுனிகளில் ½ அங்குலம் எனத் தொடங்கலாம். நடு 4 அங்குலம் கைப்பிடி. வைரமுள்ள வெளிப்புறம் எய்பவருக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் உளியோ சீவுளியோ படக்கூடாது. நார் அறுந்தால் அங்கிருந்து பிளக்கும். செதுக்குவதெல்லாம் உட்பக்கத்தில்தான்.

வளைவு பார்த்தல்

வேலையில் பாதி இதுதான். ஒரு கம்பத்தின் தலையில் கைப்பிடியை இருத்தி, நீளமான கயிறு பூட்டி, மெதுவாகக் கீழே இழுத்து, தள்ளி நின்று பாருங்கள். இரு கைகளும் ஒரேயளவு வளைய வேண்டும். வளையாமல் விறைத்து நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கே மட்டும் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுங்கள். அதிகம் வளையும் இடத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொரு தடவை சுரண்டிய பின்னும் இருபது முப்பது முறை சிறிதாக இழுத்து விடுங்கள். அப்போதுதான் மாற்றம் வெளியே தெரியும்.

கயிற்றில் கொளுவித் தராசைக் கட்டி இழுங்கள். தொடங்குபவருக்கு 24 அங்குல இழுப்பில் 20 இறாத்தல் போதும். எந்தக் கட்டத்திலும் 20 இறாத்தலுக்கு மேல் இழுக்க வேண்டாம்.

நாண்

நைலோன் இழுபடும், கூடாது. தடித்த பொலியெஸ்டர் நூலைப் பல இழையாக முறுக்குங்கள். வில்லின் பலத்தைப்போல் நான்கு மடங்காவது தாங்க வேண்டும். பூட்டியபின் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே 6 அங்குலம் இருக்கட்டும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது. அம்பில் போக வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி அதை உடைக்கும்.

பழகும்போது

நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி பிரேக் போடுங்கள். வில்லின் கீழ் நுனி சில்லில் முட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். உணர்வில்லாத உடம்புக்கு அழுத்தப்புண் ஆபத்து. ஆர்வத்தில் மறந்துபோகும், கால்மணிக்கு ஒருமுறை கையூன்றி உடலைத் தூக்குங்கள். தோளிலோ கழுத்திலோ சிதறல் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடமோ இயன்மருத்துவரிடமோ கேளுங்கள்.

பழைய துணி அடைத்த சாக்கு இலக்காகட்டும், பின்னால் மண் குவியல் இருக்கட்டும். அம்புக்கு இரும்பு முனை வேண்டாம். பறவை, விலங்குகளை நோக்கி எய்ய வேண்டாம். சிறுவர்கள் எய்பவருக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

மிதிவெடி அகற்றி முடியாத காணிகள் இன்னும் இருக்கின்றன. அம்பு வேலி தாண்டிப் பற்றைக்குள் விழுந்தால் அதை எடுக்கப் போகாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். அம்பு போனால் போகட்டும். ஒரு தடியைச் சீவினால் இன்னொன்று கிடைக்கும்.