உடைந்த கலங்களும் நாணயங்களும்

கடலில் உடைந்த கலத்தின் செல்வம் யாருக்கு உரியது என்னும் வினாவிற்கு விடைகூறும் பழைய சாசனமொன்று யாழ்ப்பாணத் தீவகத்தில் உண்டு. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டே அது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையை அது உரைக்கின்றது. ஊராத்துறை என அதிற் குறிக்கப்படும் இன்றைய ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகர் காக்கப்படல் வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், வணிகப் பண்டம் ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதியும் அரச பண்டாரத்தைச் சேரும். எஞ்சியது உடையவனுக்கே உரியது. இழந்தவனை மறவாமையே இவ்வாணையின் சிறப்பாகும்.

முதலாம் உலகப் போர் இவ்வினாவிற்கு வேறு விடை தந்தது. 1914 செப்டெம்பர் 22ஆம் நாளிரவு சென்னையைப் பீரங்கியால் தாக்கித் தமிழ்ப் பேச்சுவழக்கிலே தன் பெயரை ஒரு சொல்லாகவே விட்டுச்சென்ற யேர்மன் போர்க்கப்பல் எம்டன், நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவுகளருகே அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னியினால் அழிக்கப்பட்டது. உயிர் தப்பியோரிற் பலர் கைதிகளாகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர். சிதைவிலிருந்து மீட்கப்பட்ட மெக்சிக்கோ வெள்ளி நாணயங்களுள் ஆயிரம் பதக்கங்களாக்கப்பட்டன. அவற்றுட் பல சிட்னியின் மாலுமிகளுக்கு வழங்கப்பட்டன. வேறு சில அரும்பொருட் சாலைகளையும் சேகரிப்போரையும் அடைந்தன. உடைந்த கலத்தின் பொருள் இங்கு வென்றவனின் சின்னமாயிற்று.

மூன்றாவது கலத்தின் கதை வேறு. அதன் அழிவே நாணயமாக வார்க்கப்பட்டது. 1915 மே 7ஆம் நாள் அயர்லாந்துக் கரையருகே யேர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட லூசித்தானியா என்னும் பயணிகள் கப்பலில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். போர்த் தளவாடங்களோடு பயணிகளையும் ஏற்றிய கப்பற் கம்பனியை இகழ்ந்து, மியூனிக் நகரத்துக் கார்ல் கெற்ஸ் ஒரு பதக்கம் வெளியிட்டார். பயணச் சீட்டு விற்கும் எலும்புக்கூடு அதன் ஒரு பக்கத்திற் காணப்படும். நாள் மே 5 எனத் தவறாகப் பொறிக்கப்பட்டிருந்தது. பிரித்தானியர் இத்தவற்றையே முன்கூட்டிய சதிக்குச் சான்றாக்கினர்; பதக்கத்தைப் படியெடுத்து, விளக்கத்தாளோடு பெட்டியிலிட்டு, ஒரு சிலிங் விலைக்கு இலட்சக்கணக்கில் விற்றனர். வருவாய், பார்வை இழந்த போர்வீரரைப் பேணிய சென் டன்ஸ்ரன் இல்லத்துக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் உரியதாயிற்று.

அப்பணம் துயருற்றோருக்கு உதவியமை மெய். ஆயினும் ஈகையும் பகையும் ஒரே பெட்டியில் விற்கப்பட்டன என்பதும் மெய். நயினாதீவுச் சாசனம் கலமிழந்தவனுக்குப் பங்கு வகுத்தது. லூசித்தானியாப் பதக்கத்திலோ மாண்டவர்க்கு இடமில்லை. அவர்தம் சாவு இரு தரப்பாருக்கும் கருவியாயிற்று. போர்க்கால நாணயத்தை ஆராய்வோர், அது யாருக்கு உதவிற்று என்பதோடு, யாரை மறந்தது என்பதையும் வினவுதல் வேண்டும்.