காரைக்காலில் கப்பலேறியவர்கள்

1848 ஏப்ரல் 27ஆம் நாள் பிரெஞ்சுக் குடியரசு தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. விடுதலை பெற்றோர் பலர் பழைய முதலாளிகளின் கரும்புத் தோட்டங்களுக்குத் திரும்ப மறுத்தனர். ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளின் முதலாளிகள் வேறு ஆள்களைத் தேடினர். அவர்கள் கண்ட வாயில்களுள் ஒன்று காரைக்கால்.

1739இல் பிரெஞ்சியர் வசமான இச்சிறு நிலப்பகுதியைக் கடல் நீங்கலாக மற்றெல்லாப் புறமும் ஆங்கிலேயரின் தஞ்சை மாவட்டம் சூழ்ந்திருந்தது. பசியால் வாடிய தஞ்சை உழவர்களை, முன்பணமும் நல்ல கூலியும் காட்டி, ஆள்பிடிப்போர் எல்லை கடத்தி அழைத்து வந்தனர். எங்கே போகிறோம் என்று அறியாமலே ஐந்தாண்டு ஒப்பந்தத்திற்கு உடன்பட்டோர் பலர். வலிந்து கடத்தப்பட்டோரும் உண்டு. தன் குடிகள் களவாடப்படுவதாகச் சென்னை அரசு பிரெஞ்சியரிடம் முறையிட்டது.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் அடிமைமுறை எந்த எல்லை வரை பரவலாம் என்ற வழக்கு முற்றியது. 1820இல் வரைபடத்தில் இழுத்த கோட்டை 1854ஆம் ஆண்டுச் சட்டம் அழித்தது; 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் இங்கிலாந்தும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்தன. ஆப்பிரிக்கரை விலைகொடுத்து வாங்கித் 'தொழிலாளர்' என்ற பெயரில் கொண்டுசெல்வதைப் பிரான்சு கைவிட்டது. ஈடாக, ஆங்கிலேய இந்தியாவில் ஆள்சேர்க்கும் உரிமையைப் பெற்றது. ஒரு கண்டத்து மக்களின் மீட்புக்கு இன்னொரு கண்டத்து ஏழைகள் விலையாயினர். அவர்களை யாரும் கேட்கவில்லை.

1853 முதல் 1880கள் வரை மர்த்தினிக்குக்குச் சுமார் 25,000 இந்தியரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 இந்தியரும் சென்றனர். கொடுமைகள் பற்றிய விசாரணைக்குப் பின், 1882இல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கிலேய இந்திய அரசு நிறுத்தியது.

இதில் திருச்சபைக்கும் ஒரு பாடம் உண்டு. திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் 1839இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்தார். ஆனால் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் ஆயர் ஜான் இங்கிலாந்து, அக்கண்டனம் வாணிகத்தை மட்டுமே குறிக்கும், உள்நாட்டு அடிமைமுறையைத் தொடாது என்று விளக்கம் தந்தார். ஒரு சொல்லின் மறைவில் மனச்சான்று உறங்க முடியும். அமெரிக்காவில் அச்சொல் 'வாணிகம்'. காரைக்காலில் அது 'ஒப்பந்தம்'.

முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத இடத்தில் உண்மையான உடன்பாடு இல்லை என்பது நம் ஒழுக்கவியலின் பால பாடம். பசியும் பொய்யும் சேர்ந்து பெற்ற 'ஆம்' என்ற சொல் மனிதனைக் கட்டுமா? ஒனேசிமுவை அடிமையாக அன்று, அன்புச் சகோதரனாக ஏற்குமாறு பிலமோனை வேண்டிய பவுலடிகளார், ஒப்பந்தங்களுக்கெல்லாம் மேலான உறவொன்றை முன்வைத்தார்.

இன்றும் நம் பங்குகளிலிருந்து இளைஞரும் பெண்களும் முகவர்களை நம்பிக் கடல் கடக்கிறார்கள். அவர்கள் கையொப்பமிடும் தாளை அவர்களோடு அமர்ந்து படித்துச் சொல்ல நம்முள் எத்தனை பேர் முன்வருகிறோம்? பயணத்திற்கு ஆசீர் வழங்குவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை.