விசைப்பலகையும் மலையாள எழுத்தும்

கேரளத்தில், தட்டச்சுப் பொறியின் குறைந்த விசைகளுக்கு இசைவாக மலையாளக் கூட்டெழுத்துகள் பலவற்றைப் பிரித்தெழுதும் சீர்திருத்தம் 1971 ஏப்ரல் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பொறிக்காக எழுத்தே வளைந்தது என்பது சிறிய இழப்பன்று. எழுதியதைத் திரையிலேயே திருத்தி, இடம் மாற்றி, சேமிக்க உதவும் மென்பொருளான சொற்செயலியோ, ஒரே விசைவரிசையால் எண்ணற்ற வடிவங்களைத் தர வல்லது என்பதால், 1999இல் ரச்சனா இயக்கத்தினர் பழைய வரிவடிவத்தைக் கணினிக்கு மீட்டனர். பெரிதும் போற்றத்தக்க பணி அது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பின்னர் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியபோது, உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமையும் இன்ஸ்கிரிப்ட் விசைமுறையில் தாய்மொழியைத் தட்டெழுதுவது அரசுப் பள்ளிக் குழந்தைகளின் தொடக்கப் பாடங்களில் ஒன்றாயிற்று.